கையுறைப் பாட்டும் கழகத்தின் காதும்

மார்சி ஸ்டெபானியாக்கின் குரலை யாரும் திருடவில்லை. திருடியிருந்தால் டொலீடோ போலீசில் புகார் கொடுத்திருப்பாள். பாராட்டிப் பாராட்டியே பறித்துக்கொண்டார்கள். அதற்குப் புகார் எழுதிக்கொள்ளும் ஸ்டேஷன் ஒஹாயோ மாநிலத்தில் இல்லை.

பறிபோவதற்கு முன்னால் அந்தக் குரல், கொதி வந்த கெட்டில் கூவுவது போல் இருந்தது. மெல்லிசு, உச்சியிலேயே நிற்கும், கேட்டவன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். அதை நம்பித்தான் மூன்று பேர் ஒரு ராக் குழு ஆரம்பித்தார்கள். மார்சிக்குப் பாட்டும் கிடாரும். லைல் ஹாப்குட்டுக்கு பேஸ் கிடார்; தந்திக்கம்பம் போல் உயரம், பாதாளத்திலிருந்து வருகிற குரல், பேசவே கூச்சப்படுவான். டுவேன் பிரூட்டுக்கு டிரம்ஸ்; பகல் முழுக்கக் கார்களுக்குச் சைலன்சர் மாட்டுகிற வேலை, அதற்கு ஈடுகட்ட மாலையில் டமடம. குழுவின் பெயர் 'த லாஸ்ட் மிட்டன்ஸ்', தொலைந்த கையுறைகள். பனிக்காலத்தில் அந்த ஊர் மதுக்கடைகளின் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், வாடிக்கையாளர்கள் தொலைத்த ஒற்றைக் கையுறைகள் கிடக்கும். அந்தப் பெட்டியைப் பார்த்து வைத்த பெயர்.

அவர்கள் பாட்டெல்லாம் பனியில் சறுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்து ஓடுகிற பிள்ளைகள் மாதிரி இருக்கும். 'அம்மா, என் கையுறை எங்கே' என்பது அவற்றில் பேர்போனது. நடுவே படபடவென்று கைதட்டல் உண்டு. டுவேன் கஸூ ஊதுவான். பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் வாயில் வைத்துப் 'பீ' என்று ஊதி வீட்டையே இரண்டாக்குமே, அதே தகரச் சாமான்.

பெரிய கம்பெனி வாசலை மிதிப்பதில்லை என்பது இம்மாதிரிக் குழுக்களின் விரதம். எல்லாம் சொந்தக் கையால் செய்ய வேண்டும். ராண்டி கெல்லர் என்பவன் சலவை மிஷின் கடையொன்றின் பின்னறையில் இசைத்தட்டுக் கம்பெனி நடத்தினான். அவன்தான் இவர்களுடைய தட்டை வெளியிட்டான். தட்டு விவகாரம் இவ்வளவுதான்: சின்னத் தட்டு வேகமாகச் சுற்றும், அது நாற்பத்தைந்து, பெரிய தட்டு மெதுவாகச் சுற்றும், அது முப்பத்துமூன்று. ஒலி பளிச்சென்று இருக்கட்டும் என்று ராண்டி பெரிய தட்டையே நாற்பத்தைந்தில் ஓடும்படி அடித்தான். குற்றமில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் நடுவில் ஒட்டும் காகிதத்தில் வேகத்தைக் குறிக்க வேண்டும். காகிதத்தில் குத்த ராண்டியிடம் இருந்ததோ குழந்தைகள் விளையாடும் ரப்பர் முத்திரைப் பெட்டி. அதில் நாலைக் காணோம்.

"நாலு இல்லடா ராண்டி," என்றான் டுவேன்.

"இல்லாட்டிப் போகுது. ஊசிய வெச்சதுமே தெரிஞ்சுடாதா? மனுஷனுக்குக் காது இல்ல?"

மனிதனுக்கு இருக்கிறது. ராண்டி முதல் பிரதியை அனுப்பியது விமர்சகருக்கு.

சிகாகோவிலிருந்து 'அடியொலி' என்றொரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் தலைமை விமர்சகர் ஹாலிஸ் வேன்டர்லின், கோடையிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றுகிறவர். தட்டு பெரியதாக இருந்ததால் முப்பத்துமூன்றில் போட்டார். கெட்டில் கூவல், எழவு வீட்டு ஆண்குரலாகியது. கைதட்டல், தூரத்துக் காட்டில் மரம் வெட்டும் கோடரியாகியது. கஸூ, ஈரி ஏரியில் மூழ்கும் கப்பலின் கடைசிச் சங்காகியது. வேன்டர்லின் அழுதார். அழுத கையோடு எழுதினார்: "போரில் கையை இழந்தவன், சாகும் நேரத்தில், கையைக் கேட்கத் துணிவில்லாமல் தாயிடம் கையுறையைக் கேட்கிறான். அமெரிக்கா இந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தது. இந்த மனிதன் யாரோ, அவன் தூங்கி வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும்."

இந்த மனிதன் அப்போது டொலீடோவில், ஹங்கேரிக்காரர் கடையில் கடுகு தடவிய ஹாட்டாக் தின்றுகொண்டு, பக்கத்து மேசைக்காரன் தலைமயிரைப் பற்றி டுவேனிடம் கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிகாகோவிலிருந்து கச்சேரிக்கு அழைப்பு வந்தது. போனார்கள். கூட்டம் தரையில் சம்மணமிட்டு, கண்ணை மூடித் தயாராக இருந்தது. மார்சி வழக்கம்போல் ஒன், டூ, த்ரீ என்று எகிறினாள். ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசை இளைஞன் ஒருவன் மரியாதையாகக் கையைத் தூக்கினான்.

"கோமாளி ஐட்டம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. மிட்டன்ஸ் எப்ப வருவாங்க?"

மேடைக்குப் பின்னால் ராண்டி மார்சியின் தோளைப் பிடித்தான். "வேகத்தக் கொறைங்க. பாதியா கொறைங்க."

"என் தொண்டையில என்ன பொத்தானா இருக்கு, திருகிவிட?"

"உன் தொண்டை வேணாம். லைல் பாடட்டும்."

லைல் வெளிறினான். "ஐயோ, என்னால முடியாதுப்பா. ஆளுங்க முன்னாடி ஹலோ சொன்னாலே எனக்கு வேர்க்கும்."

"அந்த வேர்வைதான்டா அவங்களுக்கு வேணும்! மார்சி, இந்த ஒரு டூர் மட்டும் பொறுத்துக்க. நீ அந்தப் பக்கம் டி-ஷர்ட் மேசையப் பார்த்துக்க, செல்லம்."

செல்லம் கால் நூற்றாண்டு பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கால் நூற்றாண்டில் மிட்டன்ஸ் ஏறாத மேடையில்லை. லைல் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்தான். வேர்வையைப் பற்றி நெதர்லாந்தில் ஒரு புத்தகம் வந்தது. டுவேன் டிரம்மில் ஒரு அடி அடித்துவிட்டு, வான்கோழி சாண்ட்விச்சை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியை அடிப்பான். அந்தச் சாண்ட்விச்சை, பசித்த வர்க்கத்தின் மௌனக் குறியீடு என்று 'அடியொலி' விளக்கியது. மார்சி அரங்கத்தின் கோடியில் நின்று, மீடியம் இருக்கிறது, லார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டை வாங்க வருகிறவர்கள் அவளிடம் ரகசியமாகக் கேட்பார்கள்: "லைல் நெஜமாவே தூங்கறதில்லையா?" லைல் அந்த நேரத்தில் வேனில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

பாடாமல் இருந்தால் அவளுக்குத் தொண்டை அரித்தது. ஊருக்குத் திரும்பிய சமயங்களில் ரேடியோ விளம்பரங்களுக்குப் பாடினாள். கிளாரன்ஸ் என்பவரின் கார்ப்பெட் கடைக்கு அவள் பாடியது மட்டும் டொலீடோவின் ரத்தத்தில் கலந்துவிட்டது. குழந்தைகளுக்கு நர்சரிப் பாட்டுக்கு முன்னால் அதுதான் வரும்:

வாங்க வாங்க, வெறுங்காலோட வாங்க,
மெத்து மெத்து மேல படுத்துத் தூங்க,
நாலு சுவருக்கும் நாங்க விரிப்போம்,
கிளாரன்ஸ்! கிளாரன்ஸ்! கிளாரன்ஸ்!

பாடியது யார் என்று ஊருக்குத் தெரியாது. விளம்பரத்தில் பெயர் போடமாட்டார்கள்.

இதற்கிடையில் 'அடியொலி'க்காரர்கள் சுயேச்சை இசைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நிறுவனங்களை எதிர்க்கும் நிறுவனம் அது. தலைவர், மூன்று துணைத்தலைவர்கள், சுயேச்சையைப் பரிசோதிக்கும் நிலைக்குழு எல்லாம் உண்டு. அதன் அரங்கில் காலைத் தட்டித் தாளம் போடக்கூடாது. மீறினால் கையில் சின்ன டார்ச்சோடு நடமாடும் காலடிக் கண்காணிப்பாளர் குனிந்து, ஷூவின்மேல் வெளிச்சம் அடித்து, வெளியே கூட்டிப்போவார். கழகத்தின் புனிதத் தட்டுமிஷினில் வேகம் மாற்றும் பொத்தானை ஒரு தனி விழா எடுத்துப் பிடுங்கிவிட்டார்கள். உலகத்தில் முப்பத்துமூன்று தவிர வேறு வேகம் கிடையாது. ஆண்டுக்கொரு குழுவுக்கு அமரத்துவம் அளிப்பார்கள். அந்தக் குழுவின் சொந்த ஊரிலேயே விழா. பாடகர் வாயை அகலத் திறக்க, பல் டாக்டர் அச்செடுக்கிற மாதிரி ஒரு குழம்பை உள்ளே அடைத்து, இறுகியதும் எடுத்து, வாயின் வடிவத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடியில் பித்தளைத் தகடு.

அந்த வருஷம் மிட்டன்ஸின் முறை. அறிவிப்பில், பாடகர் லைல் ஹாப்குட், டிரம்ஸ் டுவேன் பிரூட், சட்டை விற்பனை உதவி மார்சி என்று இருந்தது. உயிரோடு இருக்கும்போதே தன் வாய் இன்னொருவன் முகத்தில் அச்சாகப் போகிறது என்று மார்சிக்கு அப்போதுதான் உறைத்தது. டுவேனைக் கூட்டிக்கொண்டு சிகாகோவுக்குப் போனாள்.

கழகத்தின் இயக்குநர் கான்ஸ்டன்ஸ் ஏம்ஸ் இனிமையாக வரவேற்றாள். பக்கத்தில் வேன்டர்லின், கழுத்துத் துண்டோடு.

"உக்காருங்க மார்சி. டி-ஷர்ட் விஷயமா?"

"இல்லீங்க, குரல் விஷயமா. அந்த ரெகார்டுல பாடினது நான்."

வேன்டர்லின் பரிவோடு தலையசைத்தார். "ஒவ்வொரு குழுவுக்கும் ஒருத்தர் இப்படி வருவாங்க. டிரைவர் வருவார், காபி வாங்கிக் குடுத்தவர் வருவார். பக்கத்துலயே இருந்தீங்கல்ல, அந்த ஏக்கம். எனக்குப் புரியுது."

"நாப்பத்தஞ்சுல ஒரே ஒரு தடவ போட்டுக் கேளுங்க சார். காகிதத்துல வேகம் குத்த விட்டுப்போச்சு."

"அந்தப் பொத்தானே எங்ககிட்ட இல்லியே," என்றாள் ஏம்ஸ். "யாராவது தெரியாம சரியாக் கேட்டு... இல்ல, தப்பாக் கேட்டுடக் கூடாதுன்னுதான் எடுத்துட்டோம்."

மார்சி எழுந்து நின்று, கிடார்கூட இல்லாமல், கையுறைப் பாட்டை அதன் வேகத்தில் பாடிக் காட்டினாள். டுவேன் தொடையில் தட்டினான். மூலையில் இருந்த கண்காணிப்பாளர் கனைத்ததும் நிறுத்திவிட்டான். வேன்டர்லின் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"குரல் மோசமில்ல. ஆனா அந்த ரெகார்டோட சாயல் இம்மிகூட விழலியே, அம்மணி. வீட்டுல பழகுங்க."

"பாடினவளே நான்தாங்கறேன்!"

"பாடினவங்களுக்கு என்ன தெரியும்? பாட்டு வாயிலயா இருக்கு? காதுல இருக்கு. நீங்கல்லாம் ஏதோ சத்தம் போட்டுட்டுப் போயிடறீங்க. அது என்ன சத்தம்னு நான் சொல்றேன். நான் சொன்ன பிறகுதான் உங்களுக்கே அது இசை. முப்பது வருஷமா இந்தக் காது ஒரு குரல மாத்திச் சொன்னதில்ல."

திரும்பி வரும்போது டுவேன் ஸ்டியரிங்கைக் குத்தினான். "ஒரே ஒரு அறை விட்டுட்டு வந்திருக்கலாம், மார்சி. இல்லாட்டி அந்தத் துண்டாலயே கழுத்த இறுக்கி."

"போடா. அறைஞ்சா தியாகி ஆயிடுவான்." மார்சி ஜன்னலில் ஓடுகிற இந்தியானா சோளக்கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "எல்லாம் அவன் காது குடுத்த சர்டிபிகேட்டுதானே? அந்தக் காதையே சாட்சிக் கூண்டுல ஏத்தறேன் பாரு."

விழாவில் 'முதற்கேட்பு' என்று ஒரு சடங்கு உண்டு. இதுவரை வெளிவராத ஒலிப்பதிவு ஒன்றைக் குழு கொண்டுவர வேண்டும். வேன்டர்லின் சபை முன்னால் முதல்முறையாகக் கேட்டு, அங்கேயே தீர்ப்பு சொல்வார். கொண்டுவருகிற பொறுப்பை லைல் வழக்கம்போல் மார்சியிடம் தள்ளினான். மார்சி கிளாரன்ஸ் கடைப் பாட்டின் ஒலிநாடாவைத் தேடி எடுத்து, தட்டு வெட்டித் தருகிற ஒருவரிடம் கொடுத்து, பெரிய தட்டில், நாற்பத்தைந்து வேகத்தில் ஒரே ஒரு பிரதி போட்டு வாங்கினாள். நடுக்காகிதம் வெள்ளை. அதை லைலிடம் காட்டி விஷயத்தைச் சொன்னாள். 

"அப்போ நான் இனிமே பாட வேணாமா?"

"வேணாம் லைல்."

"சத்தியமா?"

அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான்.

டொலீடோவின் பழைய அரங்கம் விழாவுக்காகப் புதுக்கார்ப்பெட் விரித்துக்கொண்டது. எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லத் தேவையில்லை. முன்வரிசையில் சிகாகோப் பெரியவர்கள். பின்னால் டிக்கெட் வாங்கி வந்த உள்ளூர் ஜனம், கால்களை நாற்காலிக்கடியில் பத்திரமாக மடக்கிக்கொண்டு. மேடையில் கழகத்தின் புனிதத் தட்டுமிஷின். ஓரத்தில் அச்சுக்காரர் வெள்ளைக் கோட்டோடு வாளியில் குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஏம்ஸ் மைக்கைப் பிடித்தாள். "நாங்க கலைஞர்களுக்கு மேல உக்காந்திருக்கிறவங்க இல்ல. கலைஞர்கள் எங்களுக்குக் கீழ இருக்காங்க, அவ்வளவுதான்." தலைகள் மெதுவாக அசைந்தன; கைதட்ட அனுமதியில்லை.

ஊசி இறங்கியது. முப்பத்துமூன்றில் ஒரு ஆண்குரல் தரையடியிலிருந்து எழுந்தது. வா... ங்... க... கார்ப்பெட் கடைப் பாட்டு, ஆளே தெரியாமல், சவ ஊர்வலமாய் நகர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் சிலர் எங்கேயோ கேட்ட மாதிரி நெற்றியைச் சுருக்கினார்கள். வேன்டர்லினின் மோவாய் நடுங்கியது. முடிந்தபோது கண்ணீர் கழுத்துத் துண்டுவரை வந்திருந்தது.

"மரணம் கூப்பிடுது," என்றார். "'வாங்க வாங்க.' எப்படிப் போகணும்? வெறுங்காலோட. பிணத்துக்கு யாரு ஷூ மாட்டறாங்க? 'நாலு சுவரு.' சவப்பெட்டிக்கு எத்தன சுவரு, யோசிங்க! கடைசியில மூணு தடவ ஒரு பேரு. கிளாரன்ஸ். செத்துப்போன சிநேகிதன். லைல், உங்க கிளாரன்ஸுக்காக நான் வருத்தப்படறேன்."

"நல்லா இருக்காருங்க," என்றான் லைல். அதையும் துயரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

மார்சி சட்டை மேசையை விட்டு மேடையேறி வந்தாள். கையில், சட்டைகளில் கையெழுத்து வாங்க வைத்திருக்கும் தடித்த பேனா.

"சார், ஒரு சின்ன சந்தேகம். இது பழைய ரெகார்டுல இருக்கிற குரல்தானா? எனக்கென்னமோ வேற யாரோன்னு தோணுது."

சபை மூச்சை இழுத்தது. வேன்டர்லின் நிமிர்ந்தார். "அம்மணி, பெத்த தாய்க்கு அடையாளம் தெரியாமப் போகலாம். எனக்குத் தெரியும். அதே தொண்டை, அதே நெஞ்சு, அதே ஆள். இது வேற ஆளுன்னா என் காத அறுத்துப் போட்டுடலாம்."

"அப்போ தட்டு மேல எழுதிக் குடுத்துடுங்களேன். லைலோட அம்மாவுக்குக் காட்டுவேன்."

அவர் வெள்ளைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் 'அதே குரல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மார்சிக்குச் சட்டை விற்றுப் பழகிய கை. மை காய்கிறவரை மார்சி ஊதினாள். பிறகு தட்டைத் திரும்ப மிஷினில் வைத்தாள். பொத்தானைப் பிடுங்கியவர்கள் விரலைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். சுட்டுவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, ஊசியை இறக்கி, நாற்பத்தைந்து வேகத்துக்குச் சுழற்றிவிட்டாள்.

கெட்டில் கூவியது.

*வாங்க வாங்க, வெறுங்காலோட வாங்க!*

 பின்வரிசையில் ஒரு ஆள் "அட, கார்ப்பெட்!" என்று கத்தினான். அடுத்த வரிக்குள் டொலீடோ முழுவதும் எழுந்துவிட்டது. மெத்து மெத்து என்று பல்வைத்தியர்களும் பஸ் டிரைவர்களும் பாடினார்கள். மார்சி மைக்கை இழுத்து, விரலை எடுக்காமலே, தட்டோடு சேர்ந்து அதே குரலில் கடைசி வரியைப் பாடினாள். கிளாரன்ஸ்! என்று கூரைக்கு அனுப்பினாள். தட்டில் இருந்தது யார், மேடையில் நிற்பது யார் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

"அதே குரல்னு சார் எழுதிக் குடுத்திருக்காரு," என்றாள். "நானும் அதத்தான் சொல்லிட்டிருந்தேன்."

வேன்டர்லினின் வாய் திறந்தது. திறந்தபடி நின்றது. அது வேறு குரல் என்றால் காது போகும். அதே குரல் என்றால் முப்பது வருஷம் போகும். இரண்டுக்கும் நடுவில் விலை பேச இடமில்லை.

கண்காணிப்பாளர்கள் டார்ச்சோடு இங்குமங்கும் ஓடினார்கள். எந்த ஷூவில் வெளிச்சம் அடித்தாலும் தட்டிக்கொண்டிருந்தது. "மேடம், யாரக் கூட்டிட்டுப் போறது?" என்று ஒருவர் கத்த, ஏம்ஸ் கத்தினாள்: "டிக்கெட் வாங்கினவங்கள விட்டுடுங்க!"

அச்சுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கொழம்பு இறுகுதுங்க. இப்பவே யாரு வாயிலயாவது போட்டாகணும்."

லைல் வாயை இறுக்க மூடிக்கொண்டான். ஏம்ஸ் மார்சியைப் பார்த்தாள். பார்வையில் முதல்முறையாகக் கெஞ்சல்.

"என் வாய்க்கு வேல இருக்குங்க, பாடணும்," என்றாள் மார்சி. "சார் வாய் சும்மாதான தொறந்து கெடக்கு? மிட்டன்ஸப் பத்தி மொதல்ல பேசின வாயாச்சே. கண்ணாடிப் பெட்டியில வெச்சா எவ்வளவு பொருத்தம்!"

எந்த மனிதனும் அந்த நேரத்தில் ஓடியிருப்பான். வேன்டர்லின் யோசித்தார். கண்ணாடிப் பெட்டி, பித்தளைத் தகடு, தன் வாய். துண்டைத் தளர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, இன்னும் அகலமாகத் திறந்தார். அச்சுக்காரர் அடைத்தார்.

"இறுகற வரைக்கும் அசையாதீங்க. பேசவே கூடாது."

மார்சி கிடாரை மாட்டினாள். டுவேன் சாண்ட்விச்சை அச்சுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கஸூவை எடுத்தான். லைல் பின்னால் போய், கூச்சமில்லாத இருட்டான இடத்தில் பேஸோடு நின்று, கால் நூற்றாண்டில் முதல்முறையாகச் சிரித்தான். ஒன், டூ, த்ரீ. அம்மா, என் கையுறை எங்கே! மரம் வெட்டும் கோடரிகள் கைதட்டலாகத் திரும்பி வந்தன. மூழ்கிய கப்பல் 'பீ' என்று எழும்பியது. பதில் சொல்ல வாயில்லாமல், எழுந்து போக வழியில்லாமல், வேன்டர்லின் கேட்டார். இரண்டாவது பாட்டில் அவர் கண்கள் கலங்கின. மூன்றாவது பாட்டில் அவருடைய வலதுகால், யாரையும் கேட்காமல், தாளம் போட ஆரம்பித்தது.

சின்ன வெளிச்ச வட்டம் ஒன்று அவர் ஷூவின்மேல் விழுந்தது.

"சார், டிக்கெட்?" என்றார் கண்காணிப்பாளர்.

விமர்சகர்கள் டிக்கெட் வாங்குவதில்லை. வாழ்க்கை முழுவதும் ஓசியில் நுழைந்தவர்கள். "ஊ," என்றார் வேன்டர்லின். "ஊ, ஊ."

"டிக்கெட் வாங்கினவங்களத்தான் விடச் சொல்லியிருக்கு சார். விதி. எந்திரிங்க."

கம்பளித் துண்டு தரையில் இழுபட, கிளாரன்ஸ் கார்ப்பெட்டின்மேல் சத்தமே இல்லாமல் அவரை நடத்திக்கொண்டு போனார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மார்சி அடுத்த பாட்டை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

வெளியே எடுத்துப் பார்த்தபோது அச்சு அருமையாக விழுந்திருந்தது. தகட்டை முன்கூட்டியே பொறித்துவிட்டதால் மாற்றவில்லை. 'லாஸ்ட் மிட்டன்ஸின் குரல்' என்ற எழுத்துக்கு மேலே, கண்ணாடிக்குள், சிகாகோவில் இன்றும் இருக்கிறது: அகலத் திறந்த ஒரு வாய், உள்ளே ஒன்றுமில்லை.